கம்ப்யூட்டர் கண்காட்சியில் சாமான் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கல்யாண மண்டபத்தையோ பள்ளி மைதானத்தையோ சில நாள் வாடகைக்கு எடுத்து கம்ப்யூட்டர் கண்காட்சி போடுகிறார்கள். திருவிழாக் காலங்களில் பொருட்காட்சிப் பந்தலுக்குள்ளேயும் பென்டிரைவ், பவர்பேங்க், பழைய லேப்டாப் என்று வரிசையாக ஸ்டால் வந்துவிடும். தக்கலையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற எனக்கு, விளம்பர ஆட்டோ தெருவில் போன அன்றே போன் வரத் தொடங்கும். கண்காட்சி முடிந்த மறுவாரம் வாங்கின சாமானோடு ஆட்கள் வருவார்கள். முன்னால் கேட்கிறவர்களின் சந்தேகமும் பின்னால் வருகிறவர்களின் வருத்தமும் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

கண்காட்சியில வாங்கினா கடையைவிட நெசமாவே கொறவா கிடைக்குமா?

சில சாமானில் கிடைக்கும். கீபோர்டு, மவுஸ், கேபிள், லேப்டாப் பை, போன வருஷ மாடல் பிரிண்டர், பெட்டி பிரிக்காத மானிட்டர் போன்றவற்றில் ஸ்டாக்கைத் தீர்க்க வருகிறவர்கள் உண்மையிலேயே விலையைக் குறைப்பார்கள். புது லேப்டாப், கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எஸ்.டி. (ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக வரும் வேகமான சேமிப்புச் சாமான்) கதை வேறு. அவற்றில் வியாபாரிக்கு நிற்கிற லாபமே கொஞ்சம்தான். அதே மாடலை, அதே பில்லோடும் அதே வாரண்டியோடும் பாதி விலைக்கு யாராலும் கொடுக்க முடியாது. பாதி விலை சொன்னால் மாடலோ பில்லோ வாரண்டியோ, ஏதோ ஒன்று மாறியிருக்கிறது என்று அர்த்தம். இந்தப் பக்கம் முழுவதும் அந்த ஒன்றைத் தேடிப் பிடிப்பதைப் பற்றித்தான்.

போகும்முன் வேண்டிய மாடலின் முழுப் பெயரை எழுதிக்கொண்டு, ஆன்லைனில் இரண்டு இடத்திலும் ஊர்க்கடை ஒன்றிலும் விலை கேட்டு வையுங்கள். ஸ்டாலில் எம்.ஆர்.பி.யை அடித்துவிட்டுப் பக்கத்தில் சிவப்பில் எழுதியிருக்கும் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். கடைகளிலும் எம்.ஆர்.பி.க்கு யாரும் லேப்டாப் விற்பதில்லை.

எத வாங்கலாம், எத வாங்கப்பிடாது? சுருக்கமா சொல்லுங்க.

கெட்டுப்போனால் தூக்கிப் போட்டுவிட்டு மறக்கக்கூடிய விலையில் உள்ளதை தைரியமாக வாங்கலாம். உங்கள் படமும் பாடமும் கணக்கும் தங்கப்போகிற சாமானை (பென்டிரைவ், ஹார்டு டிஸ்க், எஸ்.எஸ்.டி.) நிரந்தரக் கடை இல்லாதவரிடம் வாங்க வேண்டாம். லேப்டாப், அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் என்றால், ஸ்டால் போட்டவருக்கு நாகர்கோவிலிலோ தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ நீங்கள் பஸ் ஏறிப் போய் நிற்கக்கூடிய ஒரு கடை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உள்ளூர்க் கடைக்காரர்கள் பலரும் கண்காட்சியில் ஸ்டால் எடுக்கிறார்கள். அவர்களிடம் வாங்குவதில் கடையில் வாங்குவதைவிடப் பெரிய ஆபத்து எதுவும் இல்லை.

பில்லு வேண்டாம்னா 18 சதவீதம் கொறச்சுத் தாறேன்னு சொல்லுகாவ. சரின்னு சொல்லட்டா?

வேண்டாம். கம்ப்யூட்டருக்கும் அதன் பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்துவதற்காக நீங்கள் விட்டுக்கொடுப்பது, அந்தப் பொருளை அவரிடம்தான் வாங்கினீர்கள் என்பதற்கான முக்கியமான சாட்சியை. பில் இல்லாமல் கம்பெனி வாரண்டி கேட்டால் இழுத்தடிப்பார்கள், நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவதும் கஷ்டமாகும். லேப்டாப் திருட்டுப் பொருளாக இருந்துவிட்டால் போலீஸில் காட்டவும் கையில் ஒன்றும் இருக்காது. பில் தர மறுப்பதையே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக முறை என்கிறது.

பில் என்று சொல்லி எஸ்டிமேட் தாளையோ, டெலிவரி சலானையோ, ரப்பர் ஸ்டாம்ப் குத்தின துண்டுச் சீட்டையோ நீட்டுவார்கள். சரியான பில்லில் விற்பவரின் பெயர், முகவரி, 15 இலக்க ஜி.எஸ்.டி. எண், பில் எண், தேதி, வரி தனியாக எவ்வளவு என்பதெல்லாம் இருக்கும். அந்த எண்ணை அங்கேயே போனில் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டால் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்று காட்டிவிடும். தமிழ்நாட்டில் பதிவு செய்த எண் 33 என்று தொடங்கும். வெளிமாநிலத்திலிருந்து வந்து ஸ்டால் போடுகிறவரும் இங்கே தற்காலிகப் பதிவு எடுத்துத்தான் விற்க வேண்டும். அந்தப் பதிவு 90 நாளுக்குத்தான் செல்லும், நீட்டிக்க வேண்டுமானால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அப்படிப்பட்டவரிடம் வாங்கினால் அவருடைய சொந்த ஊர்க் கடையின் முகவரியையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று. பொருளின் சீரியல் எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். அரை நிமிஷ வேலைதான், ஆனால் பெரும்பாலோர் கேட்பதில்லை. சீரியல் எண் இல்லாத பில்லோடு மறுவாரம் போய் நின்றால், “இது நான் குடுத்த பீஸ் இல்ல” என்று அவர் சொல்லிவிட முடியும்.

ஐ7 லேப்டாப் பதிமூவாயிரத்துக்குப் போட்டிருக்கான். கடையில ஐ3 வாங்கவே அதுக்கு மேல எவ்வளவோ ஆவுது. அது எப்பிடி?

ஐ3, ஐ5, ஐ7 என்பது இன்டெல் கம்பெனி ப்ராசஸரின் (கம்ப்யூட்டரின் மூளை மாதிரியான சில்லு) வகுப்பு மட்டும்தான். எந்தத் தலைமுறை என்பது அதற்குப் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது. ஐ5-8250யு என்றால் எட்டாம் தலைமுறை, ஐ5-1135ஜி7 என்றால் பதினொன்றாம் தலைமுறை. வெறும் மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது முதல் தலைமுறை, 2010 வாக்கில் வந்த சரக்கு. ஸ்டால் அட்டையில் “ஐ7, 8 ஜி.பி., 256 எஸ்.எஸ்.டி.” என்று பெரிதாக எழுதி, இந்த எண்ணை மட்டும் விட்டுவிடுவார்கள். பத்து வருஷம் ஆன ஐ7 பல வேலைகளில் இன்றைய ஐ3-க்குப் பக்கத்தில் வராது, சூடும் கூடுதல்.

எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருந்தால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். விண்டோஸ் 11 முறைப்படி எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஓடும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பெரிய கம்பெனிகள் தங்கள் பழைய லேப்டாப்களைக் கூட்டமாகக் கழித்துவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தச் சரக்குதான் சுற்றிச் சுற்றி நம்மூர் மண்டபத்துக்கு வருகிறது. லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம்) போட்டுப் பயன்படுத்தத் தெரிந்தவர்களுக்கு அதில் நல்ல பேரங்கள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்.

ரீபர்பிஷ்டுன்னா கம்பெனிக்காரனே சரி பண்ணித் தாறதா? இல்ல செகண்ட் ஹேண்டுக்கு இங்கிலீஷ் பேரா?

இரண்டும் இருக்கிறது. கம்பெனியே பரிசோதித்து, பழுதைச் சரிசெய்து, வாரண்டியோடு விற்பது ஒரு வகை. கண்காட்சியில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இன்னொரு வகை. அலுவலகங்கள் கழித்துவிட்டதை மொத்தமாக வாங்கி, துடைத்து, ஸ்டிக்கர் மாற்றி, பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு மலிவான எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டு விற்பது. அலுவலகத்துக்கென்று வந்த மாடல்கள் உறுதியானவை, கழற்றிச் சரிசெய்யவும் எளிதானவை. நல்ல பீஸாகப் பார்த்து எடுத்தால் மாணவர்களுக்கு இதைவிட நல்ல லேப்டாப் அந்த விலையில் கிடைக்காது. ஆகவே பயந்து ஒதுக்க வேண்டாம், மேஜையில் வைத்துச் சோதியுங்கள்.

முதலில் மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள். கீல் கரகரத்தாலும், ஓரத்தில் பிளாஸ்டிக் பிளந்திருந்தாலும் வைத்துவிடுங்கள். கவிழ்த்து ஸ்க்ரூக்களையும் யு.எஸ்.பி. வாயையும் பாருங்கள். நம் மாவட்டத்தில் இது முக்கியம். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடலோரத்தில் பயன்படுத்தின லேப்டாப்பில் உப்புக் காற்று முதலில் அங்கேதான் தெரியும். ஸ்க்ரூத் தலையில் துரு இருந்தாலோ, போர்ட்டுக்குள் பச்சை பூத்திருந்தாலோ உள்ளே போர்டும் அப்படித்தான் இருக்கும். நான் பிரித்துப் பார்த்த ஒன்றில் கவர் புத்தம்புதிதாக மின்னியது. உள்ளே ரேம் சொருகும் இடத்தின் காலெல்லாம் பாசி படர்ந்த நிறத்தில் அரித்திருந்தது.

பிறகு ஆன் செய்யுங்கள். நோட்பேடைத் திறந்து எல்லா விசையையும் ஒருமுறை தட்டுங்கள். எல்லா யு.எஸ்.பி.யிலும் உங்கள் பென்டிரைவைச் செருகிப் பாருங்கள். கேமரா, ஸ்பீக்கர், வைஃபை மூன்றையும் பாருங்கள். வைஃபைக்கு உங்கள் போன் ஹாட்ஸ்பாட் போதும். திரையை முழு வெள்ளையாகவும் முழுக் கறுப்பாகவும் வைத்தால் புள்ளி, கறை, ஓர வெளிச்சம் எல்லாம் தெரிந்துவிடும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஐந்து நிமிஷம் ஓட விடுங்கள். விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்க ஒரு கட்டளை உண்டு, ஸ்டாலில் இருக்கிற பையனுக்குத் தெரியும், எடுக்கச் சொல்லுங்கள். தயாரிக்கும்போது இருந்த கொள்ளளவு, இப்போது முழுதாக ஏறுகிற கொள்ளளவு இரண்டும் அதில் வரும். இப்போதுள்ளது பாதிக்குக் கீழே என்றால் பேட்டரி மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

பழைய கம்பெனி லேப்டாப்புல லாக் இருக்கும்னு ஒருத்தர் பயங்காட்டினார். அது என்ன லாக்?

அவர் சொன்னது சரி. மூன்று விதப் பூட்டு உண்டு. ஒன்று, பயாஸ் (விண்டோஸ் வருவதற்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்டு. ரீஸ்டார்ட் செய்து பயாஸுக்குள் போய்ப் பாருங்கள், பாஸ்வேர்டு கேட்டால் வாங்காதீர்கள். “அப்புறம் எடுத்துத் தாறோம்” என்பார்கள். சில மாடலில் அதை எடுக்க போர்டையே பிரிக்க வேண்டும். இரண்டாவது, திருட்டுப் போனால் தேடிப் பிடிக்க பயாஸுக்குள்ளேயே பதித்து வைக்கும் பாதுகாப்பு மென்பொருள். பயாஸ் பக்கத்தில் அது செயல்பாட்டில் இருக்கிறதா என்று தெரியும்.

மூன்றாவதுதான் தந்திரமானது. லேப்டாப்பின் அடையாளம் பழைய கம்பெனியின் பெயரில் மைக்ரோசாஃப்ட்டில் இன்னும் பதிவாகவே இருக்கும். ஸ்டாலில் நன்றாக ஓடும். என்றைக்காவது நீங்கள் விண்டோஸை ரீசெட் செய்தால், இன்டர்நெட் கிடைத்தவுடன் அந்தக் கம்பெனியின் பெயரைக் காட்டி ஊழியர் மெயில் ஐடி கேட்டு நின்றுவிடும். ரீசெட் செய்து முதல் திரை வரை காட்டச் சொல்லுவது ஒன்றுதான் இதைக் கண்டுபிடிக்க வழி. நேரம் எடுக்கும் வேலை என்பதால், மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் போங்கள்.

ஸ்டால்ல பிளக் பாயின்ட் இல்ல, கூட்டமா இருக்கு, வீட்டுல போய் பாத்துக்கிடுங்கன்னு சொல்லுகாங்க. நம்பலாமா?

கம்ப்யூட்டர் விற்க வந்தவரிடம் கரண்ட் இல்லை என்றால் அவரிடம் வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. அட்வான்ஸும் கொடுக்காதீர்கள்.

2 டி.பி. பென்டிரைவ் 600 ரூபாய்க்கு வாங்கினேன். கம்ப்யூட்டர்லயும் 2 டி.பி.ன்னுதான் காட்டுது. பெறவு எதுக்கு படமெல்லாம் திறக்க மாட்டேங்குது?

கம்ப்யூட்டர் அதுவாக அளந்து சொல்வதில்லை, பென்டிரைவ் சொல்வதைத்தான் காட்டுகிறது. உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் சில்லில் “நான் 2 டி.பி.” என்று பொய்யாக எழுதி வைத்திருக்கிறார்கள். உண்மையில் இருப்பது 32 அல்லது 64 ஜி.பி. அது நிறையும் வரை எல்லாம் சரியாக இருக்கும். அதற்கு மேல் போடுகிற கோப்பு ஏற்கெனவே இருந்ததன் மேலேயே எழுதப்படும், அல்லது எங்கேயும் எழுதப்படாமல் போகும். கோப்பின் பெயரும் அளவும் தெரியும், திறந்தால் வராது. அழிந்தவற்றை எந்த ரெக்கவரி மென்பொருளாலும் கொண்டுவர முடியாது. கல்யாண ஆல்பத்தை அதில் போட்டுவிட்டுப் போனிலிருந்து அழித்துவிட்டு வருகிறவர்களிடம் இதைச் சொல்வதுதான் என் வேலையிலேயே எனக்குக் கஷ்டமான பகுதி.

இதே மாதிரி “16 டி.பி. போர்ட்டபிள் எஸ்.எஸ்.டி.” என்று கனமான அலுமினியப் பெட்டியில் ஒன்றை ஒருவர் கொண்டுவந்தார். பிரித்தேன். உள்ளே நகத்தளவு போர்டு ஒன்று, அதில் செருகின ஒரு போன் மெமரி கார்டு, அது அசையாமல் இருக்க ஊற்றின பசை, கனம் காட்ட ஒட்டின இரும்புத் துண்டு. அவ்வளவுதான்.

சோதிக்க இலவச மென்பொருள் இருக்கிறது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3. டிரைவ் முழுவதும் எழுதி, எழுதினதைத் திரும்பப் படித்து, உண்மையான கொள்ளளவைச் சொல்லிவிடும். எந்தக் கடையில் வாங்கின பென்டிரைவானாலும் மெமரி கார்டானாலும் முதல் நாளே இதை ஓட்டிவிட்டுத்தான் உங்கள் கோப்பைப் போட வேண்டும்.

அப்ப நான் கடையில வாங்கின 1 டி.பி. டிஸ்க்கு 931 ஜி.பி.தான் காட்டுதே, அதுவும் ஏமாத்தா?

இல்லை. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாகக் கணக்குப் போடுகிறார், விண்டோஸ் 1,024 வைத்துக் கணக்குப் போடுகிறது. 1 டி.பி. 931 ஆகவும் 512 ஜி.பி. 477க்குப் பக்கமாகவும் காட்டுவது சரிதான்.

சீல் பிரிக்காத ஹார்டு டிஸ்க்குன்னு கொடுக்காங்க. புதுசான்னு எப்பிடிக் கண்டுபிடிக்க?

சீல் பிளாஸ்டிக்கை யாரும் ஒட்டலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை ஆன் ஆனது என்று காட்டும். புதியதில் அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆனால் அந்தக் கணக்கையும் அழித்துவிட முடியும். 2025 தொடக்கத்தில் பல நாடுகளில், கிரிப்டோ (டிஜிட்டல் காசு) வேலையில் ஓடித் தேய்ந்த பெரிய ஹார்டு டிஸ்குகளின் மணிக்கணக்கை அழித்துப் புதியது என்று விற்றது வெளியே வந்தது. அதனால் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு, வாரண்டி எந்தத் தேதி வரை என்றும் பாருங்கள். “இது கம்ப்யூட்டர் தயாரிப்பாளருக்குக் கொடுத்தது, உங்களுக்கு வாரண்டி இல்லை” என்று வந்தால் அது ஏதோ ஒரு மெஷினிலிருந்து கழற்றினதாகவோ சுற்றுவழியில் வந்ததாகவோ இருக்கும்.

ரேமுக்கும் இந்தக் கவனம் வேண்டும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறியதால், பழைய ரேமை அலங்காரத் தகடு மாட்டிப் புதியது என்று விற்பதற்கு ஆசை கூடிவிட்டது. சிபியு-இசட் என்ற மென்பொருளைப் போட்டால் தயாரிப்பாளர், வேகம், பல ரேம்களில் தயாரித்த வாரம் வரை காட்டும்.

மொவன் கேமிங் பிசி வேணும்னு நிக்கான். 22 ஆயிரத்துக்கு கண்ணாடி கேபினெட், கலர் லைட்டு, கிராபிக்ஸ் கார்டு எல்லாம் சேத்துத் தாறான். வாங்கிக் கொடுக்கவா?

விளக்குக்கும் கண்ணாடிக்கும் ஆகிற செலவு சில ஆயிரம்தான். மீதியில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பட்டியல் கேளுங்கள். மதர்போர்டின் பெயர் எச்61 என்றால் அது 2011-இல் வந்த வடிவமைப்பு, இரண்டாம் மூன்றாம் தலைமுறை ப்ராசஸரும் டி.டி.ஆர்.3 என்ற பழைய வகை ரேமும் போடுவது. இன்றும் அந்தப் பெயரில் புது போர்டு வருகிறது, ஆனால் ப்ராசஸர் பழைய மெஷினிலிருந்து கழற்றினதுதான். நாளை ஒன்று பழுதானால் மாற்றவும், மேம்படுத்தவும் வழியில்லை.

கிராபிக்ஸ் கார்டில் போலி அதிகம். பழைய சில்லின் மேல் புது மாடல் பெயரைப் பதிந்து ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. என்று விற்கிறார்கள். அந்த வரிசையில் நீல நிற வி.ஜி.ஏ. போர்ட் இருந்தால் பெரும்பாலும் சந்தேகப்படலாம். ஜிபியு-இசட் என்ற மென்பொருளைப் போட்டால் பெயருக்கு முன்னாலேயே போலி என்று எழுதிக் காட்டும். இது தவிர, எதீரியம் மைனிங் (கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டி டிஜிட்டல் காசு சேர்க்கும் வேலை) 2022 செப்டம்பரில் நின்றபோது கொத்துக் கொத்தாகச் சந்தைக்கு வந்த கார்டுகளும் இன்னும் சுற்றுகின்றன. அவை போலியல்ல, ஆனால் இரவு பகலாக ஓடினவை. அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

எல்லாரும் விட்டுவிடுவது எஸ்.எம்.பி.எஸ். (கரண்டை மாற்றிப் பாகங்களுக்குக் கொடுக்கும் பெட்டி). “450 வாட்ஸ்” என்று பெரிதாக இருக்கும். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 என்றால் 16 பெருக்கல் 12, 192 வாட்ஸ். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் இழுப்பது அந்தக் கணக்கிலிருந்துதான். இடியும் மின்னலும் வோல்டேஜ் ஏற்ற இறக்கமும் உள்ள நம்மூரில், மலிவான எஸ்.எம்.பி.எஸ். தான் போகும்போது போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். 80 பிளஸ் (கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான) சான்று உள்ளதாகப் போடச் சொல்லி, அதற்கு ஆகிற கூடுதல் பைசாவைக் கொடுங்கள். கலர் லைட்டை வேண்டுமானால் குறைத்துக்கொள்ளலாம்.

லேப்டாப் வாங்கினா பவர்பேங்கும் எக்ஸ்ட்ரா சார்ஜரும் ஃப்ரீ. ஃப்ரீயா வாறதுல என்ன போச்சு?

தீப்பிடிக்க வாய்ப்புள்ள சாமான் அது. பவர்பேங்க், லேப்டாப் சார்ஜர், மானிட்டர், லேப்டாப் எல்லாமே பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) கட்டாயப் பதிவில் வருபவை. பொருளின் மேல் அந்த முத்திரையும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் எண்ணைப் போட்டால் எந்தத் தொழிற்சாலை, என்ன பொருள் என்று வரும். சார்ஜர் எண்ணைப் போட்டு வேறு ஏதோ பொருளின் பெயர் வந்தால் அதை வீட்டுக்கே கொண்டுபோகாதீர்கள்.

4கே சப்போர்ட் புரொஜக்டர் ஆறாயிரம். ட்யூஷன் சென்டருக்கு நல்லதுதானே?

4கே சப்போர்ட் என்றால் 4கே வீடியோவை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்று மட்டும்தான். திரையில் விழுவது அதன் சொந்தப் புள்ளிக்கணக்கு. பெட்டியில் “நேட்டிவ்” என்று சிறிய எழுத்தில் இருப்பதைப் பாருங்கள். வெளிச்சத்துக்கும் அப்படியே, ஆன்சி லூமன்ஸ் (தர முறைப்படி அளந்த வெளிச்சம்) எவ்வளவு என்று கேளுங்கள். வெறும் “9,000 லூமன்ஸ்” என்பதற்கு மதிப்பில்லை. ஸ்டாலில் கறுப்புத் துணி கட்டிக் காட்டுவார்கள், உங்கள் வகுப்பறையில் ஜன்னல் இருக்கிறது. எக்செல் பக்கம் ஒன்றைத் திறந்து வெளிச்சத்தில் எழுத்து படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

ஒரிஜினல் விண்டோஸ், ஆபீஸ் எல்லாம் போட்டுத்தான் தாறோம்னு சொன்னாவ. ஒரிஜினலா?

கமாண்ட் பக்கத்தில் ஆக்டிவேஷன் காலாவதி கேட்கும் கட்டளை ஒன்றை அடித்தால், நிரந்தரமா, தேதி போட்டதா என்று சொல்லும். 180 நாளுக்குள் ஒரு தேதி காட்டினால் அது நிறுவனங்களுக்கான முறையைக் குறுக்குவழியில் ஓட்டினது. அதற்காகப் போட்ட மென்பொருள் ஆன்டிவைரஸையே சில இடங்களைப் பார்க்காதே என்று சொல்லி வைத்திருக்கும். அந்த லேப்டாப்பில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். பெரும்பாலான கம்பெனி லேப்டாப்பில் உண்மையான விண்டோஸ் உரிமம் போர்டிலேயே பதிந்திருக்கும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிப் புதிதாகப் போட்டாலே தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். எந்தப் பழைய லேப்டாப் வாங்கினாலும் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

ஒரு வருஷம் வாரண்டின்னு சொன்னாங்க. அது போதாதா?

யாருடைய வாரண்டி என்று கேட்க வேண்டும். தயாரித்த கம்பெனியின் வாரண்டி என்றால் சீரியல் எண்ணை அவர்கள் தளத்தில் போட்டால் முடிவுத் தேதி வரும்; ஸ்டால்காரர் சொல்வதும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். கிடங்கில் கிடந்த பீஸ் என்றால் பாதி வருஷம் ஏற்கெனவே ஓடியிருக்கலாம். பில் தேதியைக் காட்டித் திருத்தச் சொல்லலாம் என்பதற்கும் முன்னே சொன்ன சரியான பில் வேண்டும்.

விற்பவர் தரும் வாரண்டி என்றால் பில்லின் மேலேயே எழுதி வாங்குங்கள்: எத்தனை மாதம், எதற்கெல்லாம், எங்கே கொண்டுவர வேண்டும். “டெஸ்டிங் வாரண்டி” என்றால் ஓடுகிறதா என்று பார்க்கச் சில நாள் தருவது மட்டும்தான். வாட்ஸ்அப் எண்ணை மட்டும் கொடுத்து “எதுன்னாலும் கூப்பிடுங்க” என்பது வாரண்டி இல்லை.

திருவனந்தபுரத்துல வாங்கினா? துபாய்ல இருந்து அண்ணன் கொண்டாந்ததை விக்கிறதா ஒருத்தர் சொல்லுதார், அது?

திருவனந்தபுரத்தில் வாங்கும் பில்லில் 32 என்று தொடங்கும் எண் இருக்கும், அதில் தவறில்லை. கம்பெனி வாரண்டி இந்தியா முழுவதும் செல்லும். கடை வாரண்டி என்றால் ஒவ்வொரு முறையும் களியக்காவிளை தாண்டிப் போய்வர வேண்டும். தொழில் வைத்திருந்து உள்ளீட்டு வரி எடுக்கிறவர்கள் (வாங்கும்போது கட்டின ஜி.எஸ்.டி.யைத் தங்கள் வரியில் கழிப்பவர்கள்), பில்லில் கேரளத்தின் எஸ்.ஜி.எஸ்.டி. (ஜி.எஸ்.டி.யில் மாநிலத்தின் பங்கு) போட்டிருந்தால் அந்தத் தொகை இங்கே கிடைக்காது என்பதைக் கவனியுங்கள்.

வளைகுடாவிலிருந்து வரும் லேப்டாப் நம் மாவட்டத்தில் சாதாரணம். பொருள் நல்லதாகவே இருக்கும். அரபி எழுத்துள்ள கீபோர்டு, வேறு மாதிரி பிளக் இரண்டையும் பார்த்தாலே தெரியும். சில கம்பெனிகளின் வாரண்டி வாங்கின நாட்டோடு நின்றுவிடும் என்பதால் சீரியல் எண்ணை இந்தியத் தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். தமிழக அரசின் முத்திரையுள்ள மாணவர் லேப்டாப்பை யாராவது நீட்டினால் வாங்க வேண்டாம். அது படிக்கிற பிள்ளைக்குக் கொடுத்தது, விற்பதற்கல்ல.

பழச எக்ஸ்சேஞ்சு எடுக்காங்க. கொடுக்கலாமா?

ஹார்டு டிஸ்கையோ எஸ்.எஸ்.டி.யையோ கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். அதற்காகக் கொஞ்சம் குறைத்தாலும் பரவாயில்லை. டெலிட் செய்ததும், சாதாரணமாக ஃபார்மேட் செய்ததும் பல சமயம் திரும்ப எடுக்கக்கூடியவையே. ஆதார் நகல், குடும்பப் படம், மெயில் எல்லாம் அதில் இருக்கின்றன.

பில்லுல “ஒருமுறை விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது”ன்னு அச்சடிச்சிருக்கு. அப்ப ஒண்ணும் கேக்க முடியாதா?

கேட்கலாம். மனசு மாறிவிட்டது, நிறம் பிடிக்கவில்லை என்பதற்கு அவர் எடுக்க வேண்டியதில்லை. குறையுள்ள பொருள் என்றால் அந்த வாசகம் அவரைக் காப்பாற்றாது. 2019 சட்டப்படி, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக முறை. ஆகவே வாங்கின வாரத்திலேயே எல்லாச் சோதனையையும் முடித்துவிடுங்கள். பெட்டியைப் பிரிப்பதிலிருந்து போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.

எல்லாம் முடிஞ்சு போச்சு. ஸ்டால்காரன் போனும் எடுக்கல. பில்லும் சரியில்ல, ஜிபேல பைசா போட்டேன். இனி என்ன செய்ய?

ஜிபேயில் போட்டது நல்லதாயிற்று. பணம் யாருடைய பெயருக்குப் போனது, என்ன தேதி, எத்தனை மணி என்று அதில் இருக்கிறது. ஸ்டாலின் படம், விளம்பர நோட்டீஸ், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கண்காட்சி நடத்தினவர் யார் என்று மண்டபத்தில் கேட்டால் தெரியும். ஸ்டால் எடுத்தவரின் முகவரி அவரிடம் இருக்கும். முதலில் அந்த முகவரிக்கு, என்ன வாங்கினேன், என்ன குறை, என்ன வேண்டும் என்று எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகாரைப் பதியுங்கள். பல வியாபாரிகள் இந்தக் கட்டத்திலேயே பேச வந்துவிடுவார்கள்.

வராவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இது புதிய சட்டம் தந்த பெரிய வசதி. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியவும் முடியும். குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். போலி எஸ்.எஸ்.டி. போல வேண்டுமென்றே ஏமாற்றினது என்றால் காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். பிரித்துப் பார்க்க ஆசை வரும், ஆனால் புகார் கொடுக்கும் முன் பிரிக்காதீர்கள். சோதனை மென்பொருள் காட்டின முடிவைப் படம் எடுத்து, பொருளை அப்படியே கவரில் போட்டு வையுங்கள்.